காற்றுக்கு வழிவிட்ட நூலகம்

கொச்சிக்குத் தெற்கே காயல் நீர் சூழ அமைந்த சிற்றூர் கும்பளங்கி. கொச்சிப் பகுதியில் ஓராண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது சென்னையில் பெய்யும் மழையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. மழை ஓய்ந்த பின்னரும் காற்றில் ஈரம் குறைவதில்லை. மலையாளத்தார் கர்க்கடகம் என்று வழங்கும் நம் ஆடி மாதத்தில், பெட்டியில் பூட்டிய நூலை எடுத்துப் பார்த்தால் அட்டையில் பூஞ்சணம் படர்ந்திருக்கும்.

நூல்களுக்குப் பகை மூன்று. ஈரம் பூஞ்சணத்தை வளர்க்கும். நேர்வெயில் தாளைப் பழுப்பாக்கி எழுத்தை மங்கச் செய்யும். இராமபாணப்பூச்சி ஈரமும் இருளும் உள்ள இடத்தை நாடித் தாளையும் பசையையும் அரிக்கும். ஆகவே, மழைநாட்டில் நூலகம் கட்டுவோர் ஒளியை உள்ளே விடவேண்டும்; வெயிலைத் தடுக்கவேண்டும். காற்றை வரவேற்கவேண்டும், சாரலை விலக்கவேண்டும். இவை அனைத்தையும் குறைந்த செலவில் செய்தல் இயலுமா?

இயலும் என்பதற்குச் சான்று கொச்சியிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே, திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில் உள்ளது. பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் முன்னின்று உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகமே அது. அம்மையம் 1970ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் கட்டடங்களை வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த அவர், இந்தியாவையே தம் நாடாக ஏற்றுக்கொண்டார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார். இளமையில் காந்தியடிகளைச் சந்தித்தபோது, ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்டவேண்டும் என்று அவர் கூறியதைப் பேக்கர் வாழ்நாள் முழுதும் நினைவில் கொண்டிருந்தார்.

அவ்வளாகம் சரிவான நிலத்தில் அமைந்தது. மேட்டை வெட்டிச் சமமாக்குவதற்கு மாறாக, சரிவின் போக்கிலேயே பேக்கர் கட்டடங்களை அமைத்தார். நிலத்தின் உச்சியில் ஏழு தளங்களுடன் செங்கற்கோபுரமாய் நிற்பது நூலகம். அலுவலகமும் வகுப்பறைகளும் அதனைச் சுற்றித் தாழ்ந்து நிற்கின்றன. நடைவழிகள் வளைந்து வளைந்து மேலேறி நூலகத்தை அடைகின்றன. கல்வி நிலையத்தின் நடுவிடம் நூலுக்கே உரியது என்பதை அவ்வமைப்பே சொல்லிவிடுகிறது. இன்று அந்நூலகம் கே.என். ராஜின் பெயரையே தாங்கி நிற்கிறது.

வளாகத்தின் சுவர்கள் பலவற்றில் செங்கற்களுக்கிடையே சிறுசிறு துளைகள் விடப்பட்டுள்ளன. இதனை ஜாலி என்பர். வெயில் துளைகளில் பட்டுச் சிதறி மென்மையான ஒளியாக உள்ளே வருகிறது. காற்று இடைவிடாமல் உலவுகிறது. மரச்சட்டமும் கண்ணாடியும் வாங்கும் செலவு மிஞ்சுகிறது. இக்கருத்து தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் சாளரத்தைக் 'காலதர்' என்று குறிக்கிறது. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. 'பலகணி' என்னும் சொல்லோ பல கண்களை உடையது எனப் பொருள்படும்.

பேக்கர் பரவலாகக் கையாண்ட மற்றொரு முறை எலிப்பொறிக் கட்டு. செங்கற்களைப் படுக்கையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகும். அவ்வெற்றிடம் வெப்பம் உள்ளே வருவதைக் குறைக்கும். செங்கல்லும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிஞ்சும். மேல்தளத்திலும் அவர் இவ்வாறே சிந்தித்தார். தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் பளுவைத் தாங்குவதில் சிறுபங்கே ஆற்றுகிறது. அவ்விடத்தில் கழிக்கப்பட்ட மங்களூர் ஓடுகளை வைத்ததால் சிமெண்டும் கம்பியும் குறைந்தன.

இம்முறைகளுக்கு விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுவதில்லை. தேர்ந்த கைகள் வேண்டும். பூசப்படாத சுவரில் ஒரு செங்கல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். எனவே, பேக்கர் பணியிடத்திலேயே கொத்தனார்களுடன் நின்று, கிடைத்த காகிதத்தில் வரைந்து காட்டிப் பணியாற்றினார். சிமெண்டுக்கும் இரும்புக்கும் செல்லும் பணம் உழைப்பவர் கூலியாகச் செல்லவேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஊர்விட்டு ஊர் வந்து கரணை பிடிக்கும் கொத்தனாரும் செங்கல் சுமக்கும் சித்தாளும், பிறர் பிள்ளைகள் படிக்கும் நூலகங்களைக் கட்டுகின்றனர். நூலகத்தின் வரலாற்றில் நூலாசிரியருக்கும் வடிவமைத்தவருக்கும் உள்ள இடம் அவர்களுக்கும் உண்டு.

அருஞ்சொற்பொருள்
அதர் – வழி
சாளரம் – சன்னல்
சாரல் – காற்றில் சாய்ந்து வீசும் மழைத்துளி
கரணை – சாந்து பூசும் கருவி
சித்தாள் – கொத்தனாருக்கு உதவும் தொழிலாளி

பயிற்சி
1. நூல்களுக்குப் பகையாவன எவை? அவற்றுள் காற்றோட்டம் எவற்றைத் தடுக்கும்?
2. நூலகத்தை வளாகத்தின் உச்சியில் அமைத்ததன் கருத்து யாது?
3. எலிப்பொறிக் கட்டின் பயன்கள் இரண்டினை எழுதுக.
4. பிரித்து எழுதுக: காலதர், செங்கற்கோபுரம், வெற்றிடம்.
5. உம் வீட்டிலோ அண்டையிலோ உள்ள கட்டடத் தொழிலாளர் ஒருவரிடம் தூக்குக்குண்டு, ரசமட்டம் ஆகியவற்றின் பயனைக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.
6. மின்சாரம் இல்லாத நாளில் உம் பள்ளி நூலகத்தில் அமர்ந்து படிக்க இயலுமா? காரணம் கூறி ஒரு பத்தி எழுதுக.