பத்திரம் சொல்லாத வகைப்பாடு

அன்புள்ள மருமகனுக்கு,

குற்றாலத்தில் ஐந்தருவிப் பக்கம் இடம் வாங்கித் தங்கும் விடுதி கட்டப்போவதாக எழுதியிருந்தாய். பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றும் சுத்தமாக இருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது என்கிறாய். இடம் யாருடையது என்பதைத்தான் அந்தக் காகிதங்கள் சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019இல் வந்த கட்டட விதிகளும். முழுமைத் திட்டம் உள்ள ஊரில் குடியிருப்பு, வணிகம், வேளாண்மை என்று வகைப்பாடு இருக்கும். திட்டம் இல்லாத ஊரில் நஞ்சையை மனையாக்க 2017 விதிகளின்படி தனி அனுமதி வேண்டும். மலையடிவாரத்தில் இன்னொரு படியும் உண்டு: 1990இல் அமைத்த மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'ஹாகா' என்று சுருக்கமாகச் சொல்வது இந்தக் குழுமத்தைத்தான். விடுதிக்கு, இடத்துக்குப் போகும் சாலையின் அகலமும் முக்கியம். அதைத் தரகர் வாயால் கேட்காதே, நீயே அளந்து பார்.

இடையூறு வந்தால் விலக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிறாய். சட்டத்தின் 113ஆம் பிரிவு விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருவது உண்மை. அது அரசின் கையில் உள்ள அதிகாரமே தவிர, உனக்குள்ள உரிமை அல்ல. அமெரிக்க நகரங்களில் இதற்கென்றே மனு போடலாம். ஆனால் நிலத்தின் வடிவமோ சரிவோ விதியைப் பின்பற்ற விடவில்லை என்று அங்கே நிரூபிக்க வேண்டும். நாலு அறை கூட்டினால் வருமானம் கூடும் என்பதை அங்கும் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம் என்பதும் இப்படித்தான். 113-சி பிரிவு 1.7.2007 வரை கட்டியவற்றுக்கு, மனைப்பிரிவு வரன்முறைத் திட்டம் 20.10.2016 வரை விற்றவற்றுக்கு. இரண்டும் பழைய தவறுகளுக்கு வந்தவை, நாளை நீ செய்யப்போவதற்கு அல்ல. கட்டி வெகுநாள் ஆனதும், பணம் கொட்டியதும், அதிகாரிகள் பேசாமல் இருந்ததும் சட்டமீறலை நேராக்கிவிடாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பெரிய ஆட்கள் கட்டிவிட்டார்கள், சின்னவனுக்கு மட்டும் விதியா என்று நீ கேட்டால், கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் சின்னவனுக்கு வழி திறக்காமலும் இல்லை: 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 முதல் சுயசான்றே போதும். விடுதி அதில் சேராது, சேரவும் கூடாது. பெரியவர்களும் எப்போதும் தப்பிவிடுவதில்லை: நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகள் அமைத்த செயற்கை அருவிகளை மூடச் சொல்லி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அவர்களும் பணம் போட்டவர்கள்தானே! 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். மலைநீர் வகைப்பாடு பார்த்து வருவதில்லை. அது வரும் வழியை நாம்தான் ஒதுக்கிவைக்க வேண்டும்.

சர்வேயரிடம் எஃப்.எம்.பி. என்னும் புல அளவை வரைபடம் வாங்கி, எல்லையோரம் ஓடை இருக்கிறதா என்று பார். சாரலில் எந்த இடமும் அழகாகத்தான் தெரியும். ஐப்பசி மழையில் ஒருதரம் போய் நின்று பார்த்துவிட்டு, முன்பணம் பற்றி எழுது.

உன் மாமா