அகிம்சகன் அங்குலிமாலன் ஆனது எவ்வாறு?



காரணமின்றிக் காரியம் தோன்றாது என்பது பகவானின் போதனை. கள்வனும் கொலைஞனும் இந்நியதிக்கு விலக்கல்லர்.

அங்குலிமாலரின் கொலைத்தொழிலையும் மனமாற்றத்தையும் மஜ்ஜிம நிகாயத்தின் 86ஆம் சுத்தம் கூறுகிறது. இளமை வரலாற்றை உரையாசிரியர்கள் தருகின்றனர். கோசல மன்னனின் புரோகிதருக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஜாதகம் கணித்த தந்தையே, இவன் கள்வனாவான் என்று அரசனிடம் அறிவித்தார். குழந்தைக்கு அகிம்சகன் எனப் பெயரிட்டனர். தக்கசீலத்தில் அவன் சிறந்து விளங்கவே, பொறாமையுற்ற மாணாக்கர் கோள் மூட்டினர். குருவோ ஆயிரம் விரல்களைக் காணிக்கையாகக் கேட்டார். தந்தைக்கு நிகராக நம்பியவரே அவனை அழிவில் தள்ளினார். கொலை செய்தான், ஊர் வெறுத்தது, காடு வீடாயிற்று, காட்டில் கொலையே தொழிலாயிற்று. புண் குற்றத்தை ஈன்றது; குற்றம் புதிய புண்ணை ஈன்றது.

பிறவிக் கள்வன் என்னும் பழி இந்நாட்டிற்குப் புதிதன்று. 1871இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. 1952இல் அஃது நாடெங்கும் நீங்கிற்று. பழிச்சொல் நீங்கிற்றா?

அமெரிக்க அறிஞர் கேத்தி விடம் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இளமையில் கொடுமையோ புறக்கணிப்போ உற்ற 908 பேருள், நூற்றுக்கு 26 பேர் சிறுவராயிருக்கையிலேயே கைதாயினர். அவ்வாறு பதிவாகாத ஒத்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேரே கைதாயினர். ஆகவே, புண்பட்ட பிள்ளைக்கு அபாயம் மிகுதி. எனினும் நூற்றுக்கு 74 பேர் அவ்வழிச் செல்லவில்லை என்பதையும் நோக்குக. இது தலைவிதியன்று; காரணத் தொடர். காரணத்தை மாற்றினால் காரியமும் மாறும்.

பகவான் அங்குலிமாலரின் வினையை மறைக்கவில்லை. பிச்சைக்குச் சென்றவர் கல்லடியும் தடியடியும் பட்டுக் குருதி வழியத் திரும்பியபோது, பொறுத்துக்கொள் என்றே பணித்தார். ஆயினும் கள்வன் என்று ஒதுக்கவில்லை. பிரசவ வேதனையுற்ற பெண்ணுக்கு நலம் வேண்ட அவரையே அனுப்பினார். பொறுப்பும் வேண்டும், மதிப்பும் வேண்டும். ஒன்றின்றி மற்றொன்று பயன் தராது.

நம் ஆலைக் குடியிருப்புகளில் குடிகாரத் தந்தையின் அடிக்கு அஞ்சித் தெருவில் உறங்கும் சிறுவரைக் காண்கிறோம். பசிக்குத் திருடிப் பிடிபட்டால் கேடி என்ற பெயர் ஒட்டிக்கொள்கிறது. பின் அவனுக்கு வேலை தருவார் இல்லை. அவன் மகனும் அதே தெருவில் உறங்குகிறான்.

இச்சங்கிலியை அறுப்பது எங்ஙனம்? பிள்ளையை அடியாதிருத்தல் முதற் சீலத்தின்பாற்படும்; மதுவை விலக்குதல் ஐந்தாம் சீலம். சிறை சென்றவனின் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்போம். சிறை மீண்டவனைப் பெற்றோர் இட்ட பெயரால் அழைப்போம். மைத்திரி தியானத்தில் அவனையும் நினைப்போம்; எழுந்தபின் அவன் வீட்டிற்கும் செல்வோம்.