'கல்முனை'க்கு எத்தனை எழுத்து?

கேள்வி: தரம் 9 பிள்ளைகளுக்குப் பைதான் படிப்பிக்கிறேன். முதல் வேலையாகச் சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுக்கலாமா? தமிழில் சரிவருமா?
- ஆசிரியை ஒருவர், கல்முனை

பதில்: தாராளமாகக் கொடுங்கள், டீச்சர். ஒளித்து வைத்த சொல், பிள்ளை சொல்லும் எழுத்து, மிச்சமிருக்கும் வாய்ப்பு என்று மாறி, இஃப், லூப் மூன்றும் ஒரே விளையாட்டில் வந்துவிடும். இந்த விளையாட்டில் வழக்கமாக வரையும் தூக்குமரப் படம் மட்டும் வேண்டாமே.

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. 'கல்முனை' என்று கொடுத்து நீளம் கேட்டால் பைதான் 7 என்று சொல்லும். நமக்கோ அது நாலெழுத்து. யுனிகோட்டில் ல்-இன் புள்ளி, மு-வின் உகரக் குறி, னை-யின் ஐகாரக் குறி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்; 7 வந்ததும் பிள்ளைகள் கொஞ்சம் முழிக்கட்டும், விரல்விட்டு எண்ணட்டும். கணினி எழுத்தை எப்படி வைத்திருக்கிறது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு 'ஓப்பன்-தமிழ்' நிரல் தொகுப்பைக் காட்டுங்கள். 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஆக்கியது, இலவசம். அதிலுள்ள 'கெட்_லெட்டர்ஸ்' என்ற செயற்கூறு, சொல்லை க, ல், மு, னை என்று சரியாகப் பிரித்துத் தரும்.

சொற்பட்டியலைப் பிள்ளைகளிடமே விடுங்கள். மருதமுனை, நிந்தவூர், கச்சான், வட்டிலப்பம் என்று அவர்களே கொண்டுவருவார்கள். எல்லா வீட்டிலும் இணையம் இராது; ஓப்பன்-தமிழ் தொகுப்பைப் பாடசாலைக் கணினிகளில் முதல்நாளே நிறுவி வையுங்கள்.