நான் கடைந்த நீராவி எஞ்சின்

நீராவி எஞ்சினின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண் பெற்றவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களில் ஒருவன். வரைந்ததைச் செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை இரண்டாம் ஆண்டில் எழுந்தது. வீட்டின் பின்தாழ்வாரத்தில் அப்பா தொழில் செய்யும் சிறிய லேத் இருந்தது துணிவு தந்தது. அதில் நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

வரலாறு கூறுவது

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்டிடம், 1763-64ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நியூகோமன் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. அதனை ஆராய்ந்ததன் பயனாக, நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் எண்ணம் 1765இல் அவருக்குத் தோன்றியது. ஆயினும் பெரிய எஞ்சின் செம்மையாக ஓடுவதற்கு அவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். வட்டம் பிசகாமல் உருளையைக் குடைந்து தர வழியில்லாததே முக்கியக் காரணம். பீரங்கி குடைவதில் வல்லவரான ஜான் வில்கின்சன் 1775இல் அதனைச் செய்து கொடுத்தார். அறிவியல் கருத்து பிறந்தால் மட்டும் போதாது. அதைக் கடைந்து தரும் கையும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எஞ்சினின் அமைப்பு

நான் எடுத்துக்கொண்டது உருளையே ஊசல்போல் ஆடும் எளிய வகை. இதற்குத் தனி வால்வு தேவையில்லை. உருளையின் பக்கத்தில் ஒரு துளை. அது உராயும் தட்டில் இரு துளைகள். உருளை ஒருபுறம் சாயும்போது நீராவி உள்ளே வரும். மறுபுறம் சாயும்போது வெளியேறும்.

25 மி.மீ. சதுர வார்ப்பிரும்பை நான்கு தாடைச் சக்கில் பிடித்து, 11.5 மி.மீ. அளவுக்குத் துளையிட்டுக் குடைந்து, 12 மி.மீ. ரீமரால் முடித்தேன். பிஸ்டன் பித்தளை. அதன் ஓட்டம் 20 மி.மீ.; ஆகவே கிராங்கின் ஆரம் 10 மி.மீ.

முதற்பிழை

பிஸ்டனுக்கும் உருளைக்கும் இடையே 0.02 மி.மீ. இடைவெளி விடத் தீர்மானித்து, 11.98 மி.மீ. வரை கடைந்து மகிழ்ந்தேன். மறுநாள் காலையில் மைக்ரோமீட்டர் 11.97 காட்டியது! கடையும்போது பித்தளை சூடேறியிருந்தது. அதன் நீள்விரிவு எண் டிகிரிக்கு 0.000019. நாற்பது டிகிரி சூட்டில் 12 மி.மீ. விட்டம் சுமார் 0.009 மி.மீ. பெருக்கும். நூறு முறை எழுதிய சூத்திரம் கையிலிருந்தும் எனக்கு நினைவு வரவில்லை. அப்பாவோ சூத்திரம் அறியாதவர். "ஆறட்டும்ப்பா, சூட்டிலே அளந்தா அளவு பொய் சொல்லும்" என்றார்.

இடைவெளியை மிகவும் குறைப்பதும் தவறு. நீராவியின் சூட்டில் பித்தளை வார்ப்பிரும்பைவிட அதிகம் விரிவதால், எண்பது டிகிரி வெப்ப உயர்வில் இடைவெளி சுமார் 0.008 மி.மீ. சுருங்கும். 0.01 மட்டும் விட்டால் பிஸ்டன் இறுகிப் போகலாம்.

இரண்டாம் பிழை

துறைக் கண்காட்சியன்று, காற்றுப் பம்பை இணைத்தும் எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. நண்பர்கள் விரலால் தள்ளிப் பார்த்தார்கள். நான் தலைகுனிந்து நின்றேன்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஆடுமுனைக்கும் கிராங்க் அச்சுக்கும் தொலைவு 50 மி.மீ. எனவே உருளையின் உச்சச் சாய்வுக் கோணத்தின் சைன் 10/50, அதாவது 0.2. ஆடுமுனையிலிருந்து 15 மி.மீ. தள்ளியுள்ள துளை, நடுக்கோட்டிலிருந்து 15 × 0.2 = 3 மி.மீ. மட்டுமே நகரும். எல்லாத் துளைகளையும் நான் 3 மி.மீ. அளவிலேயே போட்டிருந்தேன். டிரில் சற்றுப் பெரிதாகவே துளைப்பது வழக்கம். ஆகவே உருளை நேராக நிற்கும்போது அதன் துளை இரண்டையும் தொட்டது. காற்று நேரே தப்பியது.

உருளையை மாற்றவில்லை. புதிய தட்டில் 2.5 மி.மீ. துளைகள் இட்டேன். இரு ஆரங்களின் கூட்டுத்தொகை 1.5 + 1.25 = 2.75 மி.மீ.; 3க்குக் குறைவு. ஆறிய பின் அளந்து வேறொரு பிஸ்டனும் கடைந்தேன். பம்பை அழுத்தியதும் எஞ்சின் நிற்காமல் ஓடிற்று. பார்க்க அப்பா மட்டுமே இருந்தார். அது போதுமானதாக இருந்தது.

செய்ய விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகர டப்பாவில் கொதிகலன் செய்யாதீர்கள், அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். காற்றிலேயே ஓட்டுங்கள். பிழையான தட்டையும் பிஸ்டனையும் நான் எறியவில்லை. என் மேசையில், ஓடும் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே அவை இருக்கின்றன.