உளவியல் மாணாக்கரின் இறுதியாண்டு

நம் கல்லூரியினின்று பல்கலைக்கழகம் புகும் இளையோருள் உளவியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்வோர்க்குப் பயன்படுமெனக் கருதிச் சில கூறுவோம். முன்னைய ஆண்டுகளில் மாணாக்கன் விரிவுரையாளர் வகுத்த வழியே செல்வான். இறுதியாண்டிலோ பரீட்சைக்கு ஆயத்தமாவதோடு, தானே ஒரு வினாவை எழுப்பி, தரவு திரட்டி, ஆய்வேடும் எழுதி முடித்தல் வேண்டும். திருக்குறளில் 47 முதல் 50 வரையுள்ள அதிகாரங்கள் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. அவ்வரிசையே இவ்வாண்டுக்கும் ஏற்ற திட்டமாகும்.

முதலாவது, தெரிதல். 'போரும் மனமும்' என்பது ஆய்வுப் பொருளன்று. பல நூல்களுக்குரிய தலைப்பு. 'உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மாதத்தில் ஒரு பாடசாலை மாணவரின் உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தொடர்புண்டா?' என்பதோ ஓராண்டில் விடை காணத்தக்க வினா. ஒரே வாக்கியத்தில் எழுத இயலாத வினா இன்னும் தெளியவில்லை என்க.

இரண்டாவது, வலி. எந்தப் புள்ளிவிபரவியல் முறையால் விடை காண்பது என்பதைத் தரவு திரட்டுமுன்னரே மேற்பார்வையாளருடன் துணிதல் வேண்டும். தமிழும் சிங்களமும் வழங்கும் நம் மாவட்டத்தில் மொழியும் ஒரு வலியே. ஆங்கில வினாக்கொத்தை ஒருவர் தமிழாக்க, மூலத்தைக் காணாத மற்றொருவர் அதனை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே பயன்படுத்தல் முறை. இஃது ஓரிரவில் முடியும் வேலையன்று.

மூன்றாவது, காலம். இதில் உளவியல் மாணாக்கரே ஆய்வுப் பொருளாயினர். ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கல் ராஸ் ஆகியோர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த 37 உளவியல் மாணாக்கரிடம் அது முடிய எத்தனை நாளாகும் எனக் கேட்டனர். அவர்களின் மதிப்பீடு சராசரி 34 நாள். எல்லாம் தவறாகவே நடந்தால் எத்தனை நாள் என்றதற்கு 49 நாள் என்றனர். உண்மையிற் சென்றதோ 55 நாளுக்கு மேல். தாம் குறித்த நாளில் முடித்தவர் ஏறக்குறைய 30 வீதத்தினரே. மனத்தைக் கற்பவரும் தம் மனத்தின் மயக்கத்துக்குத் தப்பவில்லை!

ஆதலின், 'எனக்கு எத்தனை நாளாகும்?' என்று நெஞ்சைக் கேளாது, 'உங்களுக்கு எத்தனை நாளாயிற்று?' என்று சென்ற ஆண்டு முடித்தவரைக் கேட்க. மேற்பார்வையாளர், அறநெறிக் குழு, பாடசாலை அதிபர் எனப் பிறர் கையிலுள்ளவற்றை முதலிற் செய்க. தன் கையிலுள்ள எழுத்து வேலை பின்னர் வரலாம். பரீட்சைப் படிப்பையும் இறுதி மாதத்தில் குவித்தலாகாது. இடைவெளி விட்டுப் பயில்வதே நினைவிற் பதியும் என்பது 1885இல் எபிங்கவுஸ் காட்டிய உண்மை. ரோடிகர், கார்பிக் என்போர் 2006இல் செய்த சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தோர் ஐந்து நிமிடத்தின் பின் முந்தினர். புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தோரோ ஒரு வாரத்தின் பின் முந்தினர்.

நான்காவது, இடம். இதனை யான் பிழைசெய்தே கற்றேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உறவினரை இழந்தோரின் துயர் பற்றி என் ஆய்வேடு. கொட்டியாரக் குடாவை அண்டிய ஒரு மீனவக் கிராமத்துக்குக் கடல் அமைதியான கச்சான் காலத்திற் சென்றேன். இரவெல்லாம் தொழில் செய்தோர் பகலில் உறங்கினர். என் அட்டவணையோ பகலுக்கு வகுக்கப்பட்டிருந்தது. வாரங்கள் வீணாயின. எஞ்சிய சில நாளில் விரைந்து விரைந்து வினவினேன். மகனை இழந்த முதிய தாயொருவர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "தம்பி, எழுதி முடிஞ்சதும் எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்றார். ஆமென்றேன். ஆய்வேட்டை ஒப்படைத்தேன், பட்டமும் பெற்றேன். திரும்பிச் செல்வதற்கென என் திட்டத்தில் ஒரு நாளும் இருக்கவில்லை. பின்னர் ஓராண்டு கழித்துச் சென்றபோது அந்த வீட்டில் அவர் இல்லை.

2009இல் முடிந்த போரும் அதற்கு முந்திய ஆழிப்பேரலையும் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் ஆறாத புண்ணை விட்டுச் சென்றுள்ளன. அப்புண்ணைத் தொட்டு வினவுவோன், விரும்பாவிடின் விடையிறுக்க வேண்டியதில்லை என முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். துயர் மீதூர்ந்தால் எந்த மருத்துவரிடம் அல்லது ஆற்றுப்படுத்துநரிடம் அனுப்புவது என்பதையும் வினாக்கொத்தை விரிக்குமுன் அறிந்திருத்தல் வேண்டும்.

இளையோரே, இறுதியாண்டு அட்டவணை வரைய அமரும்போது பரீட்சை நாளையும் ஆய்வேடு ஒப்படைக்கும் நாளையும் குறிப்பீர்கள். அவற்றுக்கு முன்னதாக, உங்களுக்கு விடையளித்தோரிடம் மீண்டு சென்று கண்டதைக் கூறும் நாளைக் குறியுங்கள். ஏனையவற்றை அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள்.