மாத்திரையை விடு, கீரை வாங்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கார்த்திக்,

போன வாரம் வந்தபோது, கண்ணுக்கு நல்லது என்று ஆன்லைனில் வாங்கிய பீட்டா கரோட்டின் மாத்திரை டப்பாவைக் காட்டினாய். உன் நண்பர்கள் முன்னால் பேச வேண்டாமே என்று இருந்துவிட்டேன், அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பித்தான் ஆரம்பித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் அந்த நோய் 18 சதவீதம் கூடியிருந்தது. டீக்கடை வாசலில் நீ என்ன பிடிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும், கண்ணா. அந்தப் பழக்கம் இருக்கிறவன் இந்த டப்பாவைத் தொடவே கூடாது. சாப்பாட்டில் வரும் கரோட்டினுக்கு அந்தப் பயம் இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும்.

கரோட்டின் என்றால் உனக்குக் கேரட்தான் ஞாபகம் வருகிறது. கீரையிலும் அது நிறைய உண்டு, பச்சையம் மூடியிருப்பதால் அந்த மஞ்சள் வெளியே தெரிவதில்லை. விழித்திரையின் நடுவில் படிந்திருக்கும் லூட்டீனும் கீரையிலிருந்துதான் அதிகம் கிடைக்கிறது. உடம்பால் அதைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது.

இந்த ஊரில் கீரைக்கா பஞ்சம்? தண்டின சொப்பு (தண்டுக்கீரை), மெந்த்ய சொப்பு (வெந்தயக்கீரை), நுக்கெ சொப்பு (முருங்கைக்கீரை) என்று காலையில் தள்ளுவண்டியிலேயே வருகிறது. ஹாப்காம்ஸ் காய்கறிக் கடையில் பப்பாளியும் பரங்கிக்காயும் இருக்கும். பரங்கி என்றால் முகம் சுளிப்பாய். ஆனால் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் கரோட்டின் மிகுந்த அர்க்கா சந்தன் என்ற பரங்கி ரகத்தையே உருவாக்கித் தந்திருக்கிறார்கள்.

மதியம் நீ சாப்பிடும் எண்ணெயில்லாத சாலட்டில் பலன் குறைவு. கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும், வெந்தால் இன்னும் நன்றாக வெளிவரும். அதனால் மஸ்ஸொப்பு என்கிற கீரைக் கடைசல் செய்யக் கற்றுக்கொள். ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, ஒரு கட்டு தண்டுக்கீரை, இரண்டு தக்காளி, பச்சை மிளகாய், நாலு பல் பூண்டு. எல்லாவற்றையும் குக்கரில் போட்டு மூன்று விசில் விடு. ஆவி அடங்கியதும் உப்புப் போட்டு மத்தால் கடை. மிக்ஸியில் போட்டுக் கூழாக்கிவிடாதே, இலை கொஞ்சம் தெரிய வேண்டும். கடைசியில் ஒரு ஸ்பூன் நெய்யில் கடுகும் சீரகமும் தாளித்துக் கொட்டு. முத்தை என்கிற ராகிக் களிக்கும் சோற்றுக்கும் ஒத்துப்போகும்.

கம்ப்யூட்டர் முன்னால் வரும் கண்வலி கீரையால் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குக் கண் டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. அந்த டப்பாவை இன்றே குப்பையில் போடு. நாளைக்குக் காலையில் வண்டி வரும்போது கீழே இறங்கி ஒரு கட்டு வாங்கு.

அன்புடன்,
பெரியம்மா