மாறும் பட்டியலும் மாறாத் தொகுப்பும்

லிட்டில் இந்தியா வழியாகச் செல்லும் வடகிழக்கு ரயில் பாதை 2003ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி திறக்கப்பட்டது. அன்று 14 நிலையங்கள் இயங்கின. பிறகு 2006இல் புவாங்கோக், 2011இல் உட்லீ, 2024இல் பொங்கோல் கோஸ்ட் ஆகிய நிலையங்கள் திறக்கப்பட்டன. எனவே, எண்ணிக்கை 17 ஆனது.

இவ்விவரங்களைக் கணினியில் பதிவுசெய்ய, பைத்தான் மொழியில் இருவகைத் தொகுப்புகள் உதவும். முதலாவது, லிஸ்ட் எனப்படும் பட்டியல். இதைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும்.

நிலையங்கள் = ["பொத்தோங் பாசிர்", "சிராங்கூன்"]

பட்டியலை மாற்றலாம். இவ்விரு நிலையங்களுக்கு நடுவில் உட்லீயை நுழைக்கலாம், பட்டியலின் இறுதியிலும் புதிய பெயரைச் சேர்க்கலாம், வேண்டாததை நீக்கலாம்.

இரண்டாவது, டியூப்பிள் எனப்படும் மாறாத் தொகுப்பு. இதற்கு வளைவு அடைப்புக்குறி பயன்படும்.

திறப்பு = (20, 6, 2003)

பைத்தான் 0இலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே, திறப்பு[2] என்று எழுதினால் 2003 கிடைக்கும். ஒருவர் தவறுதலாக அவ்விடத்தில் 2013 என்று மாற்ற முயன்றால், பைத்தான் அதை ஏற்காமல் பிழைச்செய்தி காட்டும்.

தேதியைப் பட்டியலில் வைத்திருந்தால், அந்தத் தவறு எவருக்கும் தெரியாமல் பதிந்திருக்கும். நிலையப் பெயர்களை டியூப்பிளில் வைத்திருந்தால், புதிய நிலையம் வரும்போதெல்லாம் தொகுப்பை மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும். நிலையங்கள் பெருகலாம், நடந்து முடிந்த நாள் மாறாது. அதனால், நிரல் எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் தகவல் பின்னர் மாறக்கூடியதா?